ஏழடி உயரத்தில் ஒரு படகு

அனகாபுத்தூரில் வெல்டர் ஜெயவேலுவின் தெருவுக்கு 2016 டிசம்பர் முதல் வாரத்தில், சொட்டு மழையில்லாத ஒரு காலை, கடற்படையின் ரப்பர் படகு ஒன்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தது. தண்ணீரே இல்லாமல், தரைக்கு மேல் ஏழடியில், மோட்டார் ஓட வந்தது. முந்தைய வருட வெள்ளம் நின்ற உயரம் அது. உள்ளே இரண்டு வீரர்களும், நனைந்த புடவையில் ஜெயவேலுவின் மனைவி செல்லியம்மாளும் இருந்தார்கள். முதல் வீடான நாகலக்ஷ்மி வீட்டு கேட்டுக்கு மேல் வந்ததும் அடிப்பக்கம் கிழிந்து காற்று போகும் சத்தம் கேட்டது. பிறகு தெரு காலியாக இருந்தது.

வெள்ளத்தன்று செல்லியம்மாளை மாடியிலிருந்து ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பாத படகு அது. ஆற்றில் இறங்கும் கடற்படைக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் உண்டு: தட்டையான படகு, கயிறு, லைஃப் ஜாக்கெட், தெரு வரைபடம். தண்ணீருக்கடியில் எந்த கேட்டில் ஈட்டிமுனை நிற்கிறது என்று எந்த வரைபடமும் சொல்லாது. அது தெரிந்த ஒரே ஆள், அத்தனை கேட்டையும் செய்த ஜெயவேலு. அன்று அவர் பல்லாவரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிந்தபோது நாகலக்ஷ்மி வீட்டு ஈட்டியில் ஒரு ரப்பர் துண்டு தொங்கியது. பாவம், மனிதர் பாதியாகிவிட்டார்.

படகு வந்த அன்றே அந்த ஈட்டிகளையும் தன் வீட்டு ஈட்டிகளையும் அறுத்தார். மற்றவர்களிடம் கெஞ்சினார். "ஈட்டிய எடுத்துட்டா திருடன் உள்ள வந்து குந்திக்குவான்ணா," என்றார் இரண்டாம் வீட்டு ரத்தினபாய். அடுத்த டிசம்பரில் அவர் வீட்டு வாசலிலேயே படகு கிழிந்தது, அப்புறம்தான் சம்மதித்தார். எல்லாரும் அப்படித்தான், கண்ணால் பார்த்தால்தான் மனம் இறங்கும். வருடத்துக்கு ஒரு கேட்டாக எட்டு வருடம் போயிற்று. ஜெயவேலுவுக்குத் தலை முழுக்க வெளுத்தது, செல்லியம்மாளுக்கு ஒரு முடி நரைக்கவில்லை.

2024இல் படகு அவர் வீட்டு பால்கனியில் வந்து நின்றது. செல்லியம்மாள் இறங்கி, "நவுருயா, காலெல்லாம் சேறு," என்றார். ஜெயவேலு அழுதுவிட்டார்.

"இன்னும் எத்தினி தெருவுல உங்க ஈட்டி கீதுண்ணா?" என்று கேட்டார் ஒரு வீரர்.

"ஏழு."

"அங்க மாடியில ஜனங்க இன்னும் கை காட்டிகினே கீறாங்கண்ணா."

ஜெயவேலு கட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்த ஈர இடத்தில் போய் உட்கார்ந்தார். வீரர் நனைந்த பட்டியலைப் பிரித்துக் கடைசியில் எழுதினார்: வெல்டர், ஒருவர்.

இப்போது நவம்பர் முடிவதற்குள் தெருவில் படகுக்கு வழிவிட்டு கேபிள் ஒயர்களை உயர்த்திக் கட்டிவிடுகிறார்கள். போன டிசம்பரில் செல்லியம்மாள் பால்கனியிலிருந்து டிபன் கேரியரை நீட்டினார். ஜெயவேலு படகிலிருந்து எட்டி வாங்கிக்கொண்டு, இன்னும் ஆறு தெரு இருக்கிறது என்றார். அவருடைய சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. செல்லியம்மாளுக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது.