கேட்டபின் ஒரு மூச்சு

யோகா என்றால் தலைகீழாக நிற்பது என்றுதான் நாற்பத்தாறு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நேராக நிற்கவே வழியில்லாமல் இருந்தவனுக்குக் கம்பெனி டாக்டர் அதை எழுதிக்கொடுத்தபோது சிரிப்புதான் வந்தது. "மாத்திரை எதுவும் இல்லையா சார்?" என்று கேட்டேன். "இதுதான் மாத்திரை. வாரத்துக்கு ரெண்டு வேளை" என்றார்.

நான் லிஃப்ட் மெக்கானிக். நீங்கள் லிஃப்ட்டுக்குள் நிற்பீர்கள். நான் அதன் கூரைமேல் நிற்பேன். பத்தொன்பது வருஷம் அப்படி நின்றேன். லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த இருட்டுப் பாதைக்கு ஷாஃப்ட் என்று பேர். அதில் வேலை செய்ய எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உச்சியில் மோட்டார் அறையில் சுவிட்ச்சோடு இருப்பான். இன்னொருவன் லிஃப்ட் கூரைமேல் ஸ்பேனரோடு இருப்பான். பெட்டியை நகர்த்தும் முன்னால் மேலே இருப்பவன் வாக்கி டாக்கியில் கேட்க வேண்டும்: "கீழே போகலாமா?" கூரைமேல் இருப்பவன் பதில் சொல்ல வேண்டும்: "கீழே போகலாம்." பதில் வராமல் ஓட்டக்கூடாது. எங்கள் தொழிலில் சாமி, சட்டம் எல்லாம் இது ஒன்றுதான்.

என் ஜோடி என் மச்சான். மனைவியின் தம்பி. வேலைக்கு நான்தான் சேர்த்துவிட்டேன். பன்னிரண்டு வருஷம் அவன் கேட்டான், நான் சொன்னேன்.

டாக்டர் யோகா எழுதிக்கொடுப்பதற்கு நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, ஒன்பதாவது மாடி உயரத்தில், லிஃப்ட் என் காலடியிலிருந்து போய்விட்டது. ஒரு கால் கூரைமேலும் ஒரு கால் சுவரில் அடித்த இரும்புத் தாங்கியிலுமாக நின்று போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். பெல்ட்டின் கொக்கியை அந்தத் தாங்கியில் மாட்டியிருந்ததால் விழவில்லை. தொங்கினேன். மச்சான் மாடிக் கதவைத் திறந்து என்னை இழுத்துப் போடுவதற்குப் பதினொரு நிமிஷம் ஆனது. உடம்பில் ஒரு கீறல், ஒரு சுளுக்கு. அவ்வளவுதான். எல்லாரும் "நல்லவேளை" என்றார்கள்.

அந்த நல்லவேளை அதற்குப் பிறகு என்னைப் பாடாய்ப் படுத்தியது. யாராவது ஸ்விட்ச்சைத் தட்டினால் தூக்கிவாரிப்போட்டது. பின்னால் ஆள் நின்றால் முதுகு எரிந்தது. மனைவி ஒரு நாள் பின்னாலிருந்து தோளைத் தொட்டாள். கையிலிருந்த தட்டு பறந்து ஜன்னலில் அடித்தது. அவள் துடைப்பம் எடுத்து உடைந்த துண்டுகளைப் பெருக்கினாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தோள் இரண்டும் மேலே ஏறியது ஏறியதுதான், இறங்கவே இல்லை. "காதுல கம்மல் மாதிரி தோளை மாட்டியிருக்கீங்க" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பேர் டைம்பீஸ். அவர் காலெண்டரைப் பார்த்தபடி சொன்னார்: "எட்டு வாரம் தர்றேன். அதுக்குள்ள கூரைமேல ஏறி வேலை செஞ்சு காட்டு. முடியலன்னா ஸ்டோர்தான்."

ஸ்டோரில் போல்ட், நட் எடுத்துக்கொடுக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். என் மச்சான். "பதில் வருமுன் லிஃப்ட்டை ஓட்டினார்" என்று எழுதி அவனை அங்கே அனுப்பியிருந்தார்கள். என்னைக் கேட்டபோது, எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தேன்.

யோகா வகுப்பு ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே, மூன்றாவது மாடியில். படியேறித்தான் போனேன். லிஃப்ட் மெக்கானிக் மூச்சு வாங்க வாங்கப் படியேறுவதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. அறையின் கதவை மரக்கட்டை வைத்துத் திறந்தே வைத்திருந்தார்கள். பாய்களைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்ததால் யாருக்கும் பின்னால் யாரும் இல்லை. அந்த இரண்டையும் பார்த்ததும் டீச்சர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. வேலை தெரிந்தவள்.

டீச்சர் என்னைவிடப் பத்து வயது சின்னவள். முன்பு நீச்சல் சொல்லிக்கொடுத்தவளாம். காலில் ஒன்றுக்கொன்று சேராத சாக்ஸ், மூக்கில் எந்நேரமும் சளி. எதைச் செய்தாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுவாள். "இப்போ நான் எழுந்து போய் ஃபேனைக் குறைக்கப்போறேன்." "இப்போ உங்க வலது பக்கமா நடந்து வரப்போறேன்." ஒரு முறை, "எனக்குத் தும்மல் வரப்போகுது, சத்தமா இருக்கும்" என்று அறிவித்துவிட்டுத் தும்மினாள். சொன்னபடியே சத்தமாக இருந்தது.

"கண்ணை மூடணும்னு இல்ல. மூடப் பிடிச்சா மூடுங்க, இல்லன்னா தரையில ஒரு இடத்தைப் பாருங்க. எதுவும் வேண்டாம்னு தோணுச்சுன்னா செய்யாதீங்க. கதவு திறந்துதான் இருக்கு" என்றாள். இதற்கா டாக்டர் சீட்டு எழுதினார் என்று தோன்றியது. எதையும் செய்யாமல் இருக்க எனக்கு என் வீட்டு நாற்காலியே போதும்.

ஆனாலும் போனேன். காலை அகட்டி நின்று பாதத்தின் கீழே தரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். இருந்தது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கச் சொன்னாள். "ஆபத்து முடிஞ்சுபோச்சுன்னு நாம வாயால சொன்னா நரம்புக்குக் கேட்காது. மூச்சை நீளமா விட்டா கொஞ்சம் கேட்கும்" என்றாள். பக்கத்துப் பாயில் ஒரு முரட்டு பஸ் டிரைவர். கடைசியில் படுக்கச் சொன்னதும் இரண்டு நிமிஷத்தில் குறட்டை விடுவார். ஏதோ விபத்துக்குப் பிறகு ஒரு வருஷம் தூங்காதவராம். அதனால் அந்தக் குறட்டையை யாரும் குறை சொல்லவில்லை. எனக்குக்கூட அது பிடித்துப்போனது.

வீட்டில் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். மனைவி ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "இப்போ மிக்ஸி ஓடப்போகுது!" கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ உங்க பின்னால வந்து துணி எடுக்கப்போறேன்!" அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ உங்க அம்மாவோட போன்ல சண்டை போடப்போறேன், சத்தமா இருக்கும்!" ஐந்து மாதத்தில் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். அதை மட்டும் அறிவிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் அது நடந்தது. உட்கார்ந்தபடி தோளைச் சுற்றிக்கொண்டிருந்தோம். டீச்சர் என் வலது பக்கமாக, நான் பார்க்கும்படி, வந்து நின்றாள்.

"உங்க தோள்மேல கை வச்சு..."

"வைங்க, வைங்க" என்றேன்.

வைத்தாள். நான் பாயிலிருந்து ஒரு முழம் எகிறிக் குதித்தேன். பஸ் டிரைவரின் தண்ணீர் பாட்டில் உருண்டு கதவுவரை போனது. டீச்சர் இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள்.

"தப்பு என்மேல. அவசரப்பட்டுட்டேன்" என்றாள். நான் அசடு வழிந்தேன். மூச்சு சரியான பிறகு கேட்டாள்: "ஒண்ணு கேட்கலாமா? நான் கேட்டு முடிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க சரின்னு சொல்லிட்டீங்க. எப்பவுமே அப்படித்தானா?"

உருண்டுபோன பாட்டிலை எடுத்துவரும் சாக்கில் எழுந்தேன்.

ஏனென்றால் எனக்கு ஞாபகம் இருந்தது. எல்லாமே ஞாபகம் இருந்தது. அன்று காலை ஸ்பேனரை முடுக்கிக்கொண்டிருந்தபோது வாக்கி டாக்கியில் மச்சானின் குரல் வந்தது. "கீழே..." என்றதுமே என் வாய், "கீழே போகலாம்" என்றது. நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. பன்னிரண்டு வருஷமாக அவன் கேட்டு, நான் சொல்லி, வாய்க்கு அது பழகிப்போயிருந்தது. கால் எங்கே இருக்கிறது, கொக்கி எங்கே இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? டைம்பீஸ் வந்து கேட்டபோது பயத்தில் ஞாபகம் இல்லை என்றேன். அப்புறம் அதை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. மென்று முழுங்கினேன். மச்சான் ஸ்டோருக்குப் போனான்.

இது அத்தனையையும் டீச்சரிடம் சொல்லவில்லை. "ஆமா, எப்பவுமே அப்படித்தான்" என்று மட்டும் சொன்னேன். "அப்போ இனிமே நான் கேட்டுட்டு ஒரு மூச்சு காத்திருக்கேன். நீங்களும் அந்த ஒரு மூச்சு பாருங்க. அப்புறம் வேண்டாம்னு சொன்னாலும் சந்தோஷம்தான்" என்றாள். அடுத்த முறை கேட்டாள். ஒரு மூச்சு பார்த்தேன். "வேண்டாம்" என்றேன். அறையில் இருந்த ஐந்து பேரும் எனக்கு ஏதோ பரிசு கிடைத்த மாதிரி பார்த்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் நேராக ஸ்டோருக்குப் போனேன். மச்சான் வாஷர்களை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். ஐந்து மாதமாக அவன் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மச்சான், அன்னிக்கு நான்தான் சொன்னேன். போகலாம்னு. நல்லா ஞாபகம் இருக்கு. கால் சுவத்துல இருக்கும்போதே சொல்லிட்டேன்."

அவன் வாஷரைக் கீழே வைக்கவில்லை. "தெரியும் மாமா. காதுல விழுந்துச்சே."

"அப்புறம் ஏன்டா வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

"நான் மட்டும் கேட்டு முடிச்சேனா? கீழேன்னு ஆரம்பிக்கும்போதே சுவிட்ச்சுல கை வச்சுட்டேன். நீங்க சொல்வீங்கன்னு தெரியும்ல." அவன் குரல் தாழ்ந்தது. "தொங்கினது நீங்க. பார்த்தது நான். கண்ணை மூடினா உங்க காலு ரெண்டும்தான் ஆடுது. எதை எழுதினா என்னன்னு விட்டுட்டேன்."

அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "கட்டிக்கலாமாடா?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஒரு மூச்சு காத்திருந்தேன். "என்ன மாமா ஆச்சு உங்களுக்கு? வாங்க" என்றான்.

இருவரும் சேர்ந்து டைம்பீஸிடம் போய்ச் சொன்னோம். அவர் கத்தினார். ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். பழைய ரிப்போர்ட்டைக் கிழிக்க முடியாது என்றார். புதியது ஒன்று எழுதி அதன்மேல் பின் அடித்தார். இதையெல்லாம் செய்துவிட்டு, "எட்டு வாரம் எட்டு வாரம்தான். ஏறணும்னா ரெண்டு பேரும் ஜோடியா ஏறுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் ஸ்டோர்" என்றார். வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "இப்போ நான் உங்களைத் திட்டப்போறேன்" என்று சொல்லிவிட்டு நன்றாகத் திட்டினாள். தம்பியையும் போனில் பிடித்துத் திட்டினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வாரமே மச்சானும் வகுப்புக்கு வந்தான். பஸ் டிரைவருக்கு இணையாகக் குறட்டை விட்டான்.

எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை, அதே கட்டடம், அதே ஷாஃப்ட். மச்சான் மேலே மோட்டார் அறையில். டைம்பீஸ் ஒன்பதாவது மாடி வாசலில் கைக்கடிகாரத்தோடு. நான் கூரைமேல் இறங்கினேன். எண்ணெய் வாசனையும் கம்பிக் கயிறுகளின் பளபளப்பும் அப்படியே இருந்தன. மூச்சை நீளமாக விட்டேன், மறுபடி விட்டேன். தாங்கியின் போல்ட்டைப் பார்த்தேன். அன்று முடுக்கி முடிக்காததை அதற்கப்புறம் யாரோ முடித்திருந்தார்கள். இருந்தாலும் ஒரு சுற்று முடுக்கினேன்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "மாமா, கீழே போகலாமா?"

வாய் திறந்துவிட்டது. மூடினேன். வாசலில் டைம்பீஸ் செருமுவது கேட்டது. மச்சான் பெட்டியை அசைக்கவில்லை. அவனும் மூச்சுப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

வலது கால், கூரைமேல். இடது கால், கூரைமேல். ஸ்பேனர், பையில். இடுப்பு, பெல்ட். பெல்ட்டிலிருந்து கயிறு. கயிற்றை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். அது சுவர்த் தாங்கியில் போய் முடிந்தது. சற்று முன் போல்ட் முடுக்க மாட்டிய கொக்கி இன்னும் அங்கேயே இருந்தது.

"இன்னும் இல்ல மச்சான்" என்றேன்.

"சரி மாமா. காத்திருக்கேன்."

கொக்கியைக் கழற்றி லிஃப்ட் கூரையின் வளையத்தில் மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். "இப்போ கேளு."

"கீழே போகலாமா?"

ஒரு மூச்சு உள்ளே, அதைவிட நீளமாக ஒன்று வெளியே. பாதத்தின் கீழே தரை இருந்தது.

"கீழே போகலாம்."

பெட்டி மெல்ல இறங்கியது. எட்டு, ஏழு, ஆறு என்று கதவுகள் என்னைத் தாண்டி மேலே போயின. மூன்றாவது மாடி வரும்போதுதான் கவனித்தேன். என் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இல்லை.