நன்றிப் பிடித்தம்

பெரியவர் தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலை ஓய்ந்தாலும் விறைப்பு ஓயவில்லை. தெருமுனைக் கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்குவதென்றாலும் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையில்தான் போவார். தேய்க்கிற வேலையையும் வேறு யார் கையிலும் விடமாட்டார். "கழற்றி வச்சா அந்தச் சட்டை தானா நிக்கும்" என்பது அவர் மனைவியின் கேலி.

அப்படிப்பட்ட மனிதர் தலை தாழ்த்திய இடம் ஒன்றுதான். அது மகள் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியின் மேனேஜர் அறை. மெக்கானிக் படிப்பை முடித்த மகள், சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஏறி இறங்காத படியில்லை. "குழிக்குள்ள இறங்கி கிரீஸ் பூசற வேலை, உனக்கு எதுக்கும்மா?" என்றுதான் எல்லா இடத்திலும் கேட்டார்கள். இந்த மேனேஜர் ஒருவர் மட்டும், "நாளைக்கே வந்துடு" என்றார். பெரியவர் அதை மறக்கவில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அலுவலகம் திறக்கிற முதல் நாள், பழக்கூடையோடு போய்க் கும்பிட்டுவிட்டு வருவார். நன்றி கெட்டவர்கள் என்ற சொல் அந்தக் குடும்பத்தின் மேல் விழுந்ததில்லை. விழ அவர் விட்டதுமில்லை.

மாப்பிள்ளையும் அதே கம்பெனிதான். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே தேர்வு எழுதியவர்கள். ஒருவர் மேலே மோட்டார் அறையில் நின்றால் மற்றவர் கீழே குழியில் இருப்பார். மறுநாள் இடம் மாறிக்கொள்வார்கள். ஒருவர் உச்சியிலும் ஒருவர் பாதாளத்திலுமாக நின்றுகொண்டு எப்படித்தான் காதல் பேசினார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம். கல்யாணத்துக்குப் பிறகு கீழ்மாடியில் குடியிருந்தார்கள். சாப்பாடு மட்டும் மேலே, பெரியவர் வீட்டில்.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"மாமா, என் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வந்திருக்கேன்."

வாய்க்குப் போன டம்ளர் பெரியவர் கையில் பாதியிலேயே நின்றது. "எதைக் குறைக்க?"

"சம்பளத்தை."

"அப்பவே நினைச்சேன்" என்றாள் மாமியார். "வெயில்ல தொப்பி போடாம சுத்தாதீங்கன்னு சொன்னா யாரு கேக்கறா?"

"அவரை விடும்மா, நான் சொல்றேன்" என்றாள் மகள். "அப்பா, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வேலை. ஆனா அவருக்கு நாலு பங்குன்னா எனக்கு மூணு பங்குதான் வருது. கல்யாணமானப்புறம் ரெண்டு சம்பளத்தையும் ஒண்ணா வச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. கேட்டேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னாரு மேனேஜர். அடுத்த வருஷமும் கேட்டேன். இந்தத் தடவை சிரிச்சாருப்பா."

"அந்தச் சிரிப்பைத்தான் மாமா என்னால தாங்க முடியல" என்றார் மாப்பிள்ளை. "அவளுக்கு ஏத்துங்க, இல்லேன்னா எனக்கு இறக்குங்க. ரெண்டும் முடியாதுன்னா ரெண்டு பேருமே கிளம்பறோம்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை பதில் சொல்றேன்னாரு."

பெரியவரின் முகம் சிவந்தது. "கூலி கேட்டுச் சண்டை போடற வழக்கம் நம்ம குடும்பத்துல கிடையாது. ஊரே கதவைச் சாத்தினப்போ திறந்துவிட்ட மனுஷன் அவரு."

"திறந்துவிட்டாரு, இல்லேன்னு யாரு சொன்னா? அதுக்காக நான் காலம் பூரா வாசப்படியிலயே நிக்கணுமாப்பா?"

"போதும், சாப்பிடு" என்றார் பெரியவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மகளும் மாப்பிள்ளையும் ஏதோ ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்கப் போயிருந்தார்கள். மேனேஜர் மூன்று மாடியும் ஏறி வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்கினார். கையில் பழக்கூடை.

"ரெண்டு லிஃப்ட் மெக்கானிக்கை வீட்டுல வச்சுக்கிட்டு இப்படிப் படியேற வைக்கறீங்களே ஐயா!"

பெரியவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிப்போய் வரவேற்றார். மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டார். மனைவி காப்பி கொண்டுவந்தாள்.

"பிள்ளைங்க அவசரப்பட்டுட்டாங்க" என்றார் மேனேஜர். "வேலையில ரெண்டு பேரும் கெட்டிக்காரங்க, அனுப்ப எனக்கு மனசில்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அடங்கிடுவாங்க."

"சொல்றேன் சார். நீங்க கவலையே படாதீங்க."

சொல்வதாகத்தான் இருந்தார். மேனேஜர் அத்தோடு எழுந்து போயிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் காப்பி சூடாக இருந்தது. ஆற்றிக்கொண்டே அவர் மேலும் பேசினார்.

"நீங்களே யோசிச்சுப் பாருங்க ஐயா. ரெண்டு சம்பளமும் ஒரே வீட்டுக்குத்தானே வருது? எந்தக் கையில வந்தா என்ன?"

பெரியவருக்கு இது நியாயமாகவே பட்டது. இத்தனை சுலபமான வழி சின்னவர்களுக்குத் தெரியாமல் போயிற்றே என்றுகூட நினைத்தார்.

"சரியாச் சொன்னீங்க சார்! அப்ப இப்படிச் செஞ்சுடுங்க. கூடுதலை எம் பொண்ணு கையில குடுங்க, குறைச்சலை மாப்பிள்ளை கையில குடுங்க. குறைக்கச் சொல்லி அவரே கேட்டுட்டாரு. உங்களுக்கு ஒரு காசுகூட அதிகம் செலவாகாது. விஷயமும் முடிஞ்சுது."

சூதுவாது இல்லாமல்தான் சொன்னார். மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது எப்படிங்க முடியும்?"

"ஏன் சார், ஒரே வீடுதானே?"

"பொம்பளைக்குக் கீழ ஆம்பளை சம்பளம் வாங்கினா மத்தவங்க என்ன நினைப்பாங்க? அவருக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?"

பெரியவர் ஆயுள் முழுக்கக் கட்டிக்காத்த சொல் அது. அதன் எடை அவருக்குத் தெரியும். இதுவரை மகளுக்குக் குறைந்தது வெறும் காசு என்றுதான் நினைத்திருந்தார்.

"அப்ப எம் பொண்ணுக்கு அந்த மரியாதை வேண்டாமா சார்?"

"ஐயா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல. யாருமே எடுக்காத பொண்ணை நான் எடுத்தேன். அந்த நன்றியாவது..."

பெரியவர் எழுந்து நின்றார். குரல் உயரவில்லை, முதுகுதான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"அந்த நன்றி எனக்கு சாகற வரைக்கும் இருக்கும். வருஷா வருஷம் நேர்ல வந்து சொல்லிட்டுத்தான் இருக்கேன். ஆனா நீங்க அதை மாசாமாசம் அவ சம்பளத்துலயும் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது சார்."

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நாளைக்கு நானும் ஆபீசுக்கு வரேன்."

"நீங்க எதுக்குங்க ஐயா?"

"நன்றி சொல்லத்தான். இத்தனை நாளும் உங்க அறைக்குள்ளயே சொல்லிட்டுப் போயிட்டேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும், எதெதுக்குன்னு விவரமாச் சொல்றேன். அந்தக் கூடையை எடுத்துக்குங்க. பழம் கொண்டுவர்றது எங்க வழக்கம், அதை நாங்களே செய்யறோம்."

மேனேஜர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் மனைவி காப்பி டம்ளரை எடுத்தாள். "பாதி அப்படியே இருக்கு. சூடு ஜாஸ்தி போல" என்றாள்.

திங்கட்கிழமை காலை பெரியவர் விறைத்த சட்டையோடு செருப்பை மாட்டும்போது தொலைபேசி அடித்தது. மகள்தான்.

"அப்பா, நீங்க வரவேண்டாமாம். மேனேஜர் அவசரமாச் சொல்லச் சொன்னாரு." அவள் மூச்சு விடாமல் தொடர்ந்தாள். "ஏத்திட்டாருப்பா. அவருக்குச் சமமா, இந்த மாசத்துலேர்ந்து."

"மாப்பிள்ளைக்கு?"

"குறைக்கல."

பெரியவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு, "அப்ப இத்தனை நாள் பாக்கி?" என்றார்.

அந்தப் பக்கம் மகள் சிரித்த சிரிப்பு சமையலறை வரை கேட்டது. "கூலி கேக்கற வழக்கம் நம்ம குடும்பத்துல கிடையாதேப்பா! அடுத்த வாரம் கேக்கறேன். இங்க இன்னும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, அவங்களுக்கும் சேத்துத்தான்."

செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பெற்ற அப்பன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை வேறொரு வீட்டுப் பிள்ளை போய்க் கேட்டிருக்கிறான், தன் சம்பளத்தையே பணயம் வைத்து. அவனுக்கு இதுவரை 'வாங்க', 'சாப்பிடுங்க' என்ற இரண்டு சொல்லைத் தவிர மூன்றாவது சொல்லை அவர் கொடுத்ததில்லை. மேனேஜரிடம் வருஷா வருஷம் சரளமாக வந்த வார்த்தை, சொந்த மாப்பிள்ளையிடம் எப்படி வரும்? நினைக்கவே நாக்கு ஒட்டிக்கொண்டது.

கீழ்மாடிக்கு இறங்கினார். கொடியில் இரண்டு நீலச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டிலும் துவைத்தும் போகாத கிரீஸ் கறை. இரண்டையும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார்.

மறுநாள் காலை வாசலில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை பலகையில் அறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார். பின்னால் மகள், அதே கோலத்தில், சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, எங்க யூனிஃபார்முக்குக் கஞ்சி போட்டீங்களா?"

"போட்டேன்."

"முட்டி மடங்க மாட்டேங்குது மாமா. இதைப் போட்டுக்கிட்டு குழிக்குள்ள எப்படிக் குனியறது?"

பெரியவர் கிட்டே போனார். மாப்பிள்ளையின் காலரில் மடங்கியிருந்த ஓரத்தை விரலால் நீவிவிட்டார். கையை உடனே எடுக்கவில்லை. தோளில் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"ரொம்ப..." என்று தொடங்கினார். காலரை இன்னொரு முறை நீவினார். "ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை தலையைக் குனியப் பார்த்தார். காலர் இடம் கொடுக்கவில்லை.