தானே ஓடும் மிக்ஸியும் தையல்காரரின் ஆள்காட்டி விரலும்

1.

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. வயிற்றுப் பிழைப்புக்கு நான் வீட்டுச் சாமான்களோடு வரும் கையேடுகளை எழுதுகிறேன். ஒரு மிக்ஸிக்கும் எழுதினேன். அது சூடேறினால் தானாக நின்றுவிடும். சூடு தணிந்தால் தானாக ஓடும். மூடி இருக்கிறதா, உள்ளே யாராவது கையை விட்டிருக்கிறார்களா என்றெல்லாம் பார்க்காது. எனக்கு அப்போதே உறுத்தியது. வடிவமைத்தவரிடம் கேட்டேன். "அது ஒரு வசதி சார்" என்றார். நானும் தலையாட்டிவிட்டுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'சற்று நேரத்தில் இயந்திரம் தானே மீண்டும் ஓடும். நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.'

அதை எழுதின கையை அப்படியே

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். கதையே ஒருவருடைய கையைப் பற்றியது. வாய் தவறி எதையாவது சொல்லிவைத்து அது பலித்துவிடக் கூடாது.)

2.

தொடக்கம் ஒன்று: 'மிக்ஸி உறுமியது. உள்ளே தக்காளி...' வேண்டாம். தக்காளியைப் போட்டால் அது சுவரில் தெறிக்கும், நீங்கள் ரத்தம் என்று பதறுவீர்கள், நான் மீசைக்குள் சிரிப்பேன். மலிவான வித்தை. வாழைப்பழமும் பாலும் போதும்.

தொடக்கம் இரண்டு: 'மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான உறவு, ஆதிகாலந்தொட்டே...' அடச்சே.

தொடக்கம் மூன்று: ஒரு தையல்காரர் இருந்தார்.

அட, இது நன்றாக இருக்கிறதே. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

3.

ஒரு தையல்காரர் இருந்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு மிதிமெஷின், ஒரு முக்காலி, ஆணியில் தொங்கும் கத்தரிக்கோல். அவ்வளவுதான் கடை. முப்பது வருடமாக மிதிக்கிறார். அந்த மெஷின் அவருடைய கால் சொன்னால் ஓடும், கால் சும்மா இருந்தால் நிற்கும். நின்ற நொடியில், கண் பார்ப்பதற்கு முன்பே, ஆள்காட்டி விரல் ஊசிக்கு அடியில் போய்ச் சிக்கிய நூலை இழுத்துவிடும். மெஷின் நின்றால் விரல் போகும். அதை அவர் யோசித்துச் செய்வதில்லை.

* இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இப்படி ஓர் ஆள் இருப்பாரா என்று. தெருக்கோடித் தையல் கடையில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். பதினோரு முறை மெஷின் நின்றது. பதினோரு முறையும் விரல் போனது. இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் பழத்தை அடித்துக்கொண்டிருந்தார். மிக்ஸி நின்றது. சுழற்றும் குமிழ் ஒன்றாம் எண்ணிலேயே இருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தார். கால் தரையில் சும்மா இருந்தது. அப்படியானால் நின்றுவிட்டது என்றுதானே அர்த்தம்! மூடியைத் திறந்தார். விரல் கிளம்பியது.

"என்னங்க! சாக்பீஸ் கையோட பழத்துல விரலை விடாதீங்க!" மனைவி அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

கை விலகியது. மிக்ஸி ஓடியது. பழமும் பாலும் மேல்கூரைக்குப் போய், மின்விசிறியில் பட்டு, அவள் மூக்குக்கண்ணாடியில் வந்து இறங்கின. ஒரு நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பிடித்தது பாருங்கள் சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சிரித்த கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியவர் தன் விரலைப் பார்த்தார். அத்தோடு அவர் சிரிப்பு நின்றது.

"இது போயிருந்தா நான் ஒரு காஜா எடுக்க முடியுமா? பட்டன் மாட்ட ஓட்டை இல்லாத சட்டையை எவன் வாங்குவான்?"

"வாயைக் கழுவுங்க" என்றாள். ஆனால் விரலைப் பிடித்தவள் விடவில்லை.

4.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடியெழுத்துக் காகிதத்தைக்கூட விடாமல் படிப்பாள். அன்றைக்கு மிக்ஸிக் கையேட்டை எடுத்தாள். பன்னிரண்டாம் பக்கம் வந்தது.

"'எதுவும் செய்யத் தேவையில்லை'ன்னு எழுதியிருக்கான் பாருங்க! யாருங்க இந்தப் புண்ணியவான்? இவன் வீட்டுல கைக்குப் பத்து விரலா?"

(இந்த வசனத்தை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் அவள் திரும்பச் சொன்னாள். என் பாத்திரங்கள் என்னைத் திட்டுவது புதிதில்லை. நியாயமாகத் திட்டுவதுதான் புதிது.)

கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"அது ஒரு வசதிங்க மேடம்."

"யாருக்கு?"

மறுமுனையில் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

"தூக்கிப் போட்டுடலாம்" என்றார் தையல்காரர்.

"எங்க அண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்ததுங்க."

"அப்ப மச்சானுக்கே திருப்பிக் குடுத்துடுவோம்."

"அவருக்கும் விரல் இருக்குல்ல?"

5.

தையல்காரருக்குக் கோபம் வந்தால் துணி வெட்டுவார். நாடாவை எடுத்து ஜாடியின் தலைக்கு அளவெடுத்தார். தடித்த கான்வாஸ் துணியில் மூடியோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு தொப்பி தைத்தார். தொப்பியிலிருந்து ஒரு குட்டைப் பட்டி, அதன் நுனியில் ஒரு வளையம். வளையத்தைப் பிளக்கில் மாட்டி, பிளக்கை மிக்ஸிக்குப் பின்னால் சுவரில் சொருகினால் பட்டி விறைத்து நிற்கும். பிளக்கைப் பிடுங்காமல் தொப்பி வராது. தொப்பி வராமல் மூடி திறக்காது.

மனைவி சோதித்துப் பார்த்தாள். "அரை அங்குலம் ஜாஸ்தி. இப்படி நைசா உருவிடலாம் பாருங்க."

"நீ ஏன் உருவுற?"

"நான் உருவ மாட்டேன். நீங்க உருவுவீங்க."

பிரித்துத் தைத்தார். இப்போது இழுத்தாள், முறுக்கினாள், காலை ஊன்றிக்கூடப் பார்த்தாள். அசையவில்லை.

"ஏங்க, கம்பெனியில கோட்டுப் போட்டவங்க இத்தனை பேர் உட்கார்ந்து யோசிச்சும் வராதது உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?"

"அவங்க யாரும் காஜா எடுக்கிறதில்லையே."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பிளக்கைப் பிடுங்கித் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் மாட்டிவிட்டாள். அவர் அப்படியே நின்று ஒரு சலாம் வைத்தார். எனக்கும் எழுத எழுதக் குஷியாக இருந்தது. எழுந்து போய் என் வீட்டு மிக்ஸிக்கு அளவெடுத்துவிட்டு வந்தேன்.

இங்கேயே 'முற்றும்' போட்டிருக்கலாம்.

6.

ஆனால் துணி என்றால் அழுக்காகும், அழுக்கானால் துவைக்க வேண்டும். பத்தாவது நாள் தொப்பி கொடியில் காய்கிறது. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். தையல்காரருக்குப் பசி.

முடிவு அ: நகம் மட்டும் லேசாக... இல்லை. நகத்தையும் தர மாட்டேன்.

முடிவு ஆ: கம்பெனி மன்னிப்புக் கேட்டுப் புது மிக்ஸி அனுப்பியது. (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு இ: ஆசிரியர் தன் வாக்கியத்தைத் திருத்தினார். திருத்தி அனுப்பியும் விட்டேன், சத்தியமாக. 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது. அது அச்சாகி வருவதற்குள் இவருடைய மிக்ஸி ஆயிரம் முறை சூடேறும்.

இதற்கிடையில் அவர் பழத்தை உரித்துப் போட்டுவிட்டார். ஏதோ ஒரு பாட்டைச் சீட்டியடிக்கிறார், சுருதி சுத்தமாக இல்லை, ஆனால் சந்தோஷமாக இருக்கிறார். மிக்ஸி ஓடுகிறது. சூடேறுகிறது. நிற்கிறது. காலைப் பார்க்கிறார், கால் சும்மா இருக்கிறது. மூடியைத் திறக்கிறார். விரல் கிளம்பிவிட்டது.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இந்த மனிதரின் விஷயத்தில் என் கை மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. நல்லவேளை, நீங்கள் அடுப்படிக்குள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், அவருக்குப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். சுவரைப் பாருங்கள். மிக்ஸிக்குப் பின்னால், எண்ணெய்ப் புட்டிக்கு இந்தப் பக்கம். பிளக் கைக்கு எட்டுகிறதா? பிடுங்குங்கள்.

பிடுங்கியாச்சா?

நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன பிறகுதான் அவர் விரல் உள்ளே போகும்.