மூச்சு குறையாத கடல்

புசான் நகரத்துக் கணினி விளையாட்டுக் கண்காட்சியின் கடைசி நாள். எங்கள் மேசையில் ஒரே ஒரு கணினி, அதற்குப் பின்னால் இரண்டு பேர்: நிரல் எழுதும் நான், படம் வரையும் தோவுன். இரண்டு வருடம் சேர்ந்து செய்த விளையாட்டு. ஜேஜு தீவுக்காரி ஒருத்தி கடலில் மூழ்கி, சிப்பி பறித்து, மூச்சு தீர்வதற்குள் மேலே வர வேண்டும். அவ்வளவுதான்.

வந்தவர்கள் எல்லாரும் "படம் அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டே நிமிடத்தில் எழுந்து போனார்கள். அழகாம், அழகு! ஒருவர் ஆடும்போது பின்னால் நிற்கும் நாங்கள் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். எனக்கோ வாய் நமநமத்தது.

"என் படத்துலதான் உயிர் இல்ல," என்றான் தோவுன். "சியோல் கார்ட்டூன் கம்பெனிக்காரங்க ஆறு மணிக்கு போன் பண்ணுவாங்க. வேலைக்கு வர்றேன்னு சொல்லிடப் போறேன், நாக்யோங்."

"போ, போய் எவனோ வரைஞ்ச முயலுக்கு கலர் அடி!" என்றேன். சொன்ன பிறகு அழுகை முட்டியது. அவன் போனால் இந்த விளையாட்டு அத்தோடு முடிந்தது.

மூன்று மணிக்குப் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் தோழியோடு வந்து உட்கார்ந்தாள். மூழ்கினாள், பறித்தாள், பறித்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பி, "அக்கா, இவ சாகவே மாட்டாளா? அப்புறம் எதுக்கு மேல வரணும்?" என்றாள்.

சோதித்துப் பார்க்கும்போது நாங்களே செத்துச் செத்து விழ முடியாது என்று, மூச்சு குறையாமலிருக்க ஒரு வசதி வைத்திருந்தேன். எங்களுக்குள் அதற்குப் பெயர் சாகாவரம். மாதக்கணக்கில் சாகாமலேயே ஆடிப் பழகிய எங்கள் கண்ணுக்கு அது தப்பாகவே படவில்லை. அதை அணைக்காமல் மூன்று நாள் ஊருக்கே காட்டியிருக்கிறேன்!

சாகாவரத்தை அணைத்தேன். "இப்ப ஆடும்மா."

திரையின் மூலையில் மூச்சுக் கோடு குறையத் தொடங்கியது. இரண்டு சிப்பி எடுத்துவிட்டாள். ஆழத்தில் பெரியது ஒன்று. தயங்கினாள், பாய்ந்தாள், மூச்சு தீர்ந்து செத்தாள்.

"அய்யோ!" மேசையைத் தட்டினாள். "இன்னொரு வாட்டி!"

"பேராசை புடிச்சவளே, நகரு," என்று தோழி நாற்காலியைப் பிடுங்கினாள்.

அதே கடல், அதே பாறை. திரும்புவதா, இன்னும் ஒன்று பறிப்பதா என்று நெஞ்சு பதறும் அந்த ஒரு நொடிதான் புதிது. ஐந்து மணிக்குள் வரிசை பக்கத்து மேசையைத் தாண்டிவிட்டது.

தோவுனிடம் உண்மையைச் சொன்னேன். "லூசு! மூணு நாளா என்னை நானே திட்டிட்டு இருந்தேன்டி!" என்று கத்தினான். பிறகு சிரித்தான். கூட்டம் குறைந்ததும் தானே ஆட உட்கார்ந்தான்.

ஆறு மணிக்கு அவனுடைய போன் மேசையில் அதிர்ந்தது. அவன் கடலடியில் இருந்தான். மூச்சுக் கோடு சிவந்திருந்தது.

"போன்டா," என்றேன்.

"நீயே எடுத்து, வரலைன்னு சொல்லிடு," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப கைய விட்டா இவ செத்துடுவா."