ஒரு பிரெஞ்சுக் குடிமகனாகச் சொல்கிறேன்

வைத்திக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று எங்கள் ஊர் முகநூல் குழுவில் சண்டை. அந்த வரிசையில்தான் என் அம்மா கூடை வைத்திருக்கிறாள். அந்த மீன் காசில்தான் நான் பி.எஸ்சி. முடித்தேன்.

"ஒரு பிரெஞ்சுக் குடிமகனாகச் சொல்கிறேன், பிரான்சில் இந்த அசிங்கமே கிடையாது" என்று அந்துவான் என்பவர் காலையில் எழுதினார். ஏகப்பட்ட லைக். எங்கள் ஊர்க்காரர்தான்; பிரான்சின் மார்செய் நகரில் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமையோடு ஓய்வு பெற்று ஊர் திரும்பியவராம்.

திட்டத்தான் அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பப் போனேன். ஆனால் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. பிரான்சிலிருந்து வந்தவரை எங்கள் ஊரில் 'முசே' என்போம், 'ஐயா' மாதிரி.

"முசே, மார்செய்ல மீன் எங்க வாங்குவீங்க?"

"துறைமுகத்துலம்மா. காலைல படகு வந்ததும் கரையிலயே மேசை போட்டு விப்பாங்க. மீனு துள்ளும்."

"நாத்தமடிக்காதா?"

"மீனுன்னா அடிக்காதா? டூரிஸ்ட்டுங்க நின்னு போட்டோ எடுப்பானுங்க."

"இத குழுவுல சொல்லுங்களேன். எங்கம்மா பொழப்பு முசே."

சாயங்காலம் அவர் அதை அப்படியே குழுவில் எழுதினார்.

காலையில் லைக் போட்ட அதே ஆட்கள் திரண்டு வந்தார்கள். "பிரான்ஸ்காரனுக்கு எங்க ஊர்ல என்ன பேச்சு? நாங்க இந்தியர்கள், நாங்க முடிவு பண்ணிக்கிறோம்."

அந்துவான் எனக்கு எழுதினார்: "காலைல நான் சொன்னா சரின்னாங்களேம்மா."

"காலைல அவங்களுக்குப் புடிச்சத சொன்னீங்க முசே. அவனுங்கள விடுங்க. மார்செய்ல மீன் விக்கிற அந்த மேசை எவ்ளோ உயரம் இருக்கும்? எங்கம்மாவுக்கும் ஆசாரிகிட்ட சொல்லி ஒண்ணு அடிக்கணும்."