மூடிக் கிடந்த லிஃப்ட்

லிஃப்ட் மெக்கானிக்காக நாற்பத்தொரு வருடம் உழைத்த அவருக்கு வேலையிடத்தில் 'பூட்டு' என்று பெயர். மனசுக்குச் சரிப்படவில்லை என்றால் எந்த முதலாளி குதித்தாலும் லிஃப்டைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். இப்போது ஓய்வு. குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வாடகை வீடு. மனைவிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. அவள் படியிறங்கி ஆறு மாதமாயிற்று.

கடைசிவரைக்கும் எங்கே இருப்பது என்று மகன் ஒரு காகிதம் தயார் செய்தான். கடலோர மாநிலம் ஒரு பக்கம், மலையோர மாநிலம் மறுபக்கம். வரி, ஆஸ்பத்திரி, வெயில், பஸ் சலுகை என்று ஒன்பது கட்டம். ஏழில் கடலோரம் ஜெயித்திருந்தது. பூட்டு காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. நேரில் பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்பாவும் மகனுமாக அம்மாவைத் தூக்கிப் படியிறக்க, மூவரும் கிளம்பினார்கள்.

கடலோரத்தில் மகன் பார்த்து வைத்திருந்த அடுக்குமாடிக் கட்டடம் அரண்மனை மாதிரி இருந்தது. லிஃப்டுக்குள் நாலு பக்கமும் கண்ணாடி. பத்து நாளுக்கு முன் அரசாங்க ஆய்வாளர் கொடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பூட்டு, காவலாளியிடம் பழைய அடையாள அட்டையைக் காட்டிச் சாவி வாங்கிக்கொண்டு மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறினார். கதவிடுக்கில் சிலந்தி கூடு கட்டிக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. நட்டை முறுக்கியதும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்துச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போடுவது தொழில் வழக்கம். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். இங்கே இரண்டு கோடு விலகிக் கிடந்தது. கையெழுத்துப் போட்டவன் மேலே ஏறவே இல்லை. கீழே வந்தால், லிஃப்ட் ஒரு விரல் தாழ்ந்து நின்று மனைவியின் ஊன்றுகோல் இடறிக்கொண்டிருந்தது.

மலையோரத்துக் கட்டடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. லிஃப்ட் கதவிலோ ஒரு தாள் ஒட்டியிருந்தது. மகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இங்க லிஃப்டே ஓடலப்பா. இதுக்கா ஒன்பது மணி நேரம் வந்தோம்?"

பூட்டு விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். மோட்டாரின் மூன்றாவது நட்டில் கோடு நூலளவு விலகியிருக்கிறது, சரிசெய்யும்வரை ஓட்டக் கூடாது என்று எழுதி ஆய்வாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் கிரீஸ் அப்பிய கட்டைவிரல் தடம். இரண்டாம் தரம் படித்தபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த ஊரில் அரசாங்கமே பூட்டுப் போடுகிறது.

"இங்கதான்" என்றார்.

"ஒரு லிஃப்டை வச்சு ஒரு மாநிலத்தை எடை போடுவாங்களாப்பா?"

"உங்கம்மா முட்டிய வச்சு எடை போடுறேன்டா. ஒரு நட்டுக்காக மேல ஏறிப் பார்த்திருக்கான் பாரு, அவனை நம்பலாம்."

மகன் விடவில்லை. ஏழு கட்டத்தையும் மறுபடி வாசித்தான். காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா குறுக்கிட்டாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதலில் லிஃப்டைப் பார்க்கப் போய்விடுகிறார் என்று காலமெல்லாம் புருஷனை வைதவள் அவள்.

"உங்கப்பா பூட்டினதுக்கு ஊரே திட்டியிருக்கு, நானும் திட்டியிருக்கேன். ஆனா அவர் திறந்துவிட்ட லிஃப்ட்ல ஒருத்தருக்கும் ஒரு கீறல் கிடையாது. அவர் ஏறச் சொல்ற இடத்துல நான் ஏறுறேன்."

நாற்பத்தொரு வருடத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. பூட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் மெக்கானிக் வந்து நட்டை முறுக்கிப் புதுக்கோடு போட்டான். பூட்டு கைகளைப் பின்னால் கட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆய்வாளர் ஏறிப் பார்த்து, இறங்கிவந்து தாளைக் கிழித்தார். அவர்களுக்கான வீடு இருந்த நாலாம் மாடியில் கதவு திறந்தபோது தரையும் லிஃப்டும் ஒரே மட்டம். அவள் குனிந்துகூடப் பார்க்காமல் நடந்துபோனாள்.

"வாங்க, இன்னும் என்ன பார்க்கிறீங்க?"

"பார்த்தாச்சு" என்று அவள் பின்னால் போனார் பூட்டு.