சுவருக்கு அந்தப் பக்கம்

கப்பல் வரும் நாளென்றால் ஊர்க்காரர்கள் வீட்டை விட்டு வெளியே கால் வைக்க மாட்டார்கள். பிழைப்புக்காக வைக்க வேண்டியவர்கள் மட்டும் வைப்பார்கள். அடுக்குமாடிக் கட்டடம் மிதந்து வந்த மாதிரி காலையில் துறைமுகத்தில் வந்து நிற்கும் அந்தக் கப்பல். ஆயிரக்கணக்கான பேரைத் தெருவில் கொட்டிவிட்டு, சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு போய்விடும். நடுவில் அந்தப் பகல் முழுக்க நடக்க வழி இருக்காது, போனில் சிக்னல் இருக்காது, குழாயில் தண்ணீர் இருக்காது. கல்லாவில் காசு மட்டும் இருக்கும். அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

சாவியக்காவும் திறந்ததில்லை. அவள் குடியிருந்த மூன்றாவது மாடியில் அவள் வீட்டைத் தவிர மற்றதெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது. சாவி கொடுப்பது, பெருக்கித் துடைப்பது, பெட்ஷீட் மாற்றுவது எல்லாம் இவள் வேலை. பெற்றோர் ஆசையாய் வைத்த பெயர் எங்கோ தொலைந்து, சாவியக்கா என்றே நிலைத்துவிட்டது. இவள் வீட்டையும் நாள் வாடகைக்கு விட மேனேஜருக்குக் கை அரித்துக்கொண்டுதான் இருந்தது. வேலை இருக்கிற வரைக்கும் வீடு இருக்கும் என்று சொல்லியிருந்தான். வேறு வீடு தேடலாமென்றால், அந்த ஊரில் வாடகைக்கு விட வீடு வைத்திருக்கிற எல்லாருமே சுற்றுலா விருந்தாளிகளுக்குத்தான் விட்டார்கள்.

வீட்டில் அவளும் தங்கையும். தங்கைக்கு எட்டாவது மாதம். தங்கை புருஷனும் இப்படி ஒரு கப்பலில்தான் சமையல்காரன். எந்தக் கடலில் இருக்கிறான் என்று அவன் போன் பண்ணும்போதுதான் தெரியும். முதல் பிள்ளை பாதியிலேயே ரத்தப்போக்கில் போனது. அன்றைக்கும் அக்கா வேலைக்குப் போயிருந்தாள். தங்கை வலி தாங்காமல் கட்டிலை ஒட்டிய சுவரைத் தட்ட, பக்கத்து வீட்டுத் தையல்காரரின் மனைவி தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். அதனால் தங்கையாவது மிஞ்சினாள். இந்த முறையும் அப்படி வரலாம், வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

தையல்காரர் குடும்பம் இப்போது இல்லை. வாடகையை ஒரேயடியாக ஏற்றியதும் கண்காணாத இடத்துக்குப் போய்விட்டார்கள். அந்த வீடும் விருந்தாளி வீடாகிவிட்டது. சாவியக்கா அங்கே வேலை செய்யும்போது தங்கை சுவரை மூன்று முறை தட்டினால், இவள் அந்தப் பக்கமிருந்து மூன்று முறை தட்டுவாள். வந்துகொண்டே இருக்கிறேன் என்று அர்த்தம். தண்ணீர் வேண்டுமென்றாலும் தட்டுவாள், பேச ஆள் வேண்டுமென்றாலும் தட்டுவாள் அந்தக் கள்ளி. அக்கா ஒருநாளும் பதில் தட்டாமல் இருந்ததில்லை, தட்டிவிட்டு வராமலும் இருந்ததில்லை.

அன்று காலையும் சொல்லிவிட்டுத்தான் போனாள். "பக்கத்து வீட்லதான்டி இருப்பேன். ஏதாச்சும்னா தட்டு."

பாதி வேலையில் மேனேஜர் மூச்சிரைக்க வந்து நின்றான். "அக்கா, ஆளுங்க முன்னாடியே வந்துட்டாங்க. கட்டில்ல விரிச்சுட்டு சாவியைக் குடுங்க. அழுக்கையெல்லாம் சலவைக் கடையில போட்டுட்டு, வெளுத்தத வாங்கிட்டு வந்துடுங்க. எதிர் வீட்டுக்கு விரிக்க ஒண்ணுகூட இல்ல."

வந்தவர்கள் இளம் ஜோடி. புதுசாகக் கல்யாணமானவர்கள் போல எதற்கெடுத்தாலும் சிரித்தார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு இவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்த தங்கை அப்போதுதான் வாயைத் திறந்தபடி அசந்து தூங்கினாள். எழுப்பி, வெளியே போகிறேன் என்று சொல்ல மனசு வரவில்லை. அவள் போனைத் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

சலவைக் கடைக்குப் போய்ச் சேர்ந்ததே பெரும்பாடு. திரும்பும்போது தெருவில் எள் விழ இடமில்லை. கொடி பிடித்த வழிகாட்டி ஒருத்தன் முன்னால் போக, கழுத்தில் ஒரே நிற அட்டை மாட்டிய கூட்டம் அவன் பின்னால் மெதுவாக, மிக மெதுவாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தது. விடுமுறையில் இருப்பவர்களுக்கு என்ன அவசரம்? வீட்டுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். சத்தமே இல்லை. மறுபடியும் போட்டாள். தூங்குகிறாள், தூங்கத்தான் செய்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தோளால் இடித்துக்கொண்டு முன்னேறினாள்.

நடுவழியில் ஒரு குடும்பம் அவளை நிறுத்தி போனை நீட்டியது. படம் எடுக்கணுமாம். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக நீண்டது. மூட்டையைக் கீழே வைத்து, சிரித்த முகத்தோடு எடுத்தாள். இன்னொன்று என்றார்கள், எடுத்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கினாள். அதன்பிறகு அவள் நடக்கவில்லை, ஓடினாள்.

கட்டடத்து லிஃப்ட் பெட்டிகளோடு எங்கோ மேலே நின்றிருந்தது. படியேறினாள். மூன்றாவது மாடிக்குத் திரும்பும் இடத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

தட். தட். தட்.

தன் வீட்டுச் சுவர். ரொம்ப மெலிதாக, இடைவெளி விட்டு. எங்கிருந்தோ உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. தட்டுகிறாள் என்றால் இருக்கிறாள். அடுத்த படியில் கால் வைப்பதற்குள் பதில் கேட்டது. தட், தட், தட். பக்கத்து வீட்டிலிருந்து, நல்ல பலமாக. கூடவே ஒரு பெண்ணின் சிரிப்பு. ஒரு ஆணும் சேர்ந்து சிரித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தங்களோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்து, அந்த இரண்டு பேரும் பதிலுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்தாள். தங்கை கட்டிலிலிருந்து சரிந்து சுவரோரம் கிடந்தாள். தரையெல்லாம் ரத்தம். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அவள் தொடவேயில்லை. கதவு பக்கம் நகரவும் இல்லை.

"வந்துட்டியா..." உதடு மட்டும் அசைந்தது. "நீ தட்டுனே... அதான் காத்துட்டிருந்தேன்."

அதற்குமேல் கண் சொருகிவிட்டது.

சாவியக்கா பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். திறந்தவன் முகத்தில் இன்னும் சிரிப்பு காயவில்லை. அவனுக்கு இவள் பாஷை தெரியாது, இவளுக்கு அவன் பாஷை தெரியாது. மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து காட்டினாள். அவன் முகம் வெளுத்துப்போனது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். தங்கையை அவன் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினான். ஆம்புலன்சைக் கூப்பிட யார் போனும் வேலை செய்யவில்லை. செய்திருந்தாலும் அந்தத் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் எப்படி வரும்? கீழே பெட்டி ஏற்றும் தள்ளுவண்டி கிடந்தது. வெளுத்த பெட்ஷீட் மூட்டையை அதில் பிரித்துப் போட்டுத் தங்கையைப் படுக்க வைத்தார்கள். அவன் தன் பாஷையில் கத்திக்கொண்டே தள்ள, கூட்டம் அவனுக்குப் பிளந்து வழி விட்டது. சாவியக்கா கத்தியிருந்தால் விட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக் கதவு மூடியது. அந்தப் பெண் பெஞ்சில் சாவியக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து விம்மினாள். அவளுடைய வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். என்னவோ சொல்லப் பார்த்தாள், வரவில்லை. கடைசியில் விரலை மடக்கி பெஞ்சில் மூன்று முறை தட்டிக் காட்டிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சாவியக்காவுக்கு அவளை ஓங்கி அறையவும் தோன்றியது, காலில் விழுந்து கும்பிடவும் தோன்றியது. இரண்டையும் செய்யத் தெம்பில்லாமல் அவள் முதுகில் கை வைத்தாள்.

பெண் குழந்தை. ஒரு முழம்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம், மூச்சு இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்று நர்ஸ் வந்து சொன்னாள்.

மறுநாள் காலையில் தங்கை கண் விழித்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீ பதில் தட்டுனே இல்ல?"

நானில்லடி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால்? இதே பெண் கொஞ்ச நாளில் பிள்ளையோடு அதே வீட்டுக்குத்தான் வர வேண்டும், அதே சுவரை ஒட்டித்தான் படுக்க வேண்டும். போக வேறு இடமில்லை. அந்தப் பக்கம் வாரத்துக்கு வாரம் யார் யாரோ வருவார்கள். தான் செத்துக்கொண்டிருந்தபோது பதில் தட்டியது அப்படி யாரோ என்று தெரிந்தபிறகு, அந்த வீட்டில் இவள் எப்படிக் கண் மூடுவாள்?

"ஆமா. தட்டினேன்."

"அத்தனை தடவையும்?"

"அத்தனை தடவையும்தான்."

"அப்புறம் ஏன் வரல?"

"பெட்ஷீட் விரிச்சிட்டிருந்தேன்டி. தண்ணி கேக்கறேன்னு நெனச்சேன். முடிச்சிட்டுப் போலாம்னு..."

தங்கை அவளையே பார்த்தாள். பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"என் புள்ளைய நீ தூக்கக் கூடாது" என்றாள்.